படகுக்கு ஏது பிரேக்கு

ஓட்டத் தெரியாத மோட்டார் சைக்கிளுக்கு முதல் வேலையாகக் குஞ்சம் கட்டிய மனுஷன் உலகத்திலேயே என் வீட்டுக்காரர் ஒருவராகத்தான் இருப்பார். வண்டி வீட்டுக்கு வந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வலை பின்ன வைத்திருந்த பச்சை நைலான் நூலைக் கத்தரித்து இரண்டு கைப்பிடியிலும் தொங்கவிட்டார். தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். "இப்பதான் வண்டி மாதிரி இருக்குது" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்தச் சிரிப்பு அடங்க ஒரு மாதம் ஆயிற்று.

எண்பதுகளின் தொடக்கம் அது. வீராம்பட்டினத்தில் கடலுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அவரும் அவருடைய அண்ணனும் கூட்டாகப் படகு வைத்திருந்தார்கள். அதற்கு மோட்டார் வைத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. விடியுமுன் கரைக்கு வந்துவிடுவார்கள். வலையை உதறிக் காயப்போடுவது ஆண்கள் வேலை. மீனைக் கூடையில் போட்டுக்கொண்டு புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்கு ஓடுவது என் வேலை.

மார்க்கெட்டில் எனக்கு ஒரு கல் இருந்தது. கல் என்று நாங்கள் சொல்வது முழங்கால் உயரத்துக்குக் கட்டிய சிமெண்டு மேடையை. வாசலில் நுழைந்ததும் முதல் வரிசை. என் மாமியார் அத்தனை வருஷம் உட்கார்ந்த இடம். அவருக்கு முட்டி தேய்ந்து வீட்டோடு தங்கவேண்டி வந்தபோது, என்னைக் கூட்டிப்போய் எல்லோர் முன்னாலும் அதில் உட்காரவைத்தார். அதற்குப் பட்டா கிடையாது, சீட்டு கிடையாது. பெண்களுக்குள் ஒரு கட்டுப்பாடு, அவ்வளவுதான். காலையில் மாதா கோவில் மணி அடித்து ஓய்வதற்குள் உன் கூடை உன் கல்லில் ஏறவேண்டும். தொடர்ந்து மூன்று நாள் ஏறவில்லை என்றால் கல் உனக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவளுக்குப் போய்விடும். அழுதாலும் போகும், காலில் விழுந்தாலும் போகும். முதல் வரிசையில் விற்றுப் பறக்கும் மீன் பின்வரிசையில் மத்தியானம் வரை கிடந்து நாறும். எங்கள் வீட்டில் உலை கொதித்ததே அந்தக் கல்லால்தான்.

எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் நோணாங்குப்பம் தாண்டி ஒரு குப்பத்துக்காரி. என் வயதுதான் இருக்கும். அவளுடையது சாக்கடை ஓரத்துக் கல். அவளுக்கும் எனக்கும் பொழுது விடிந்தால் சண்டை. என் மீன் கழுவிய தண்ணீர் அவள் பக்கம் ஓடுகிறது என்பாள். உன் ஈ என் மீன்மேல் உட்காருகிறது என்பேன். எது உன் ஈ, எது என் ஈ என்று அரை மணி நேரம் பேசியிருக்கிறோம். மீன் வாங்க வந்தவர்கள் பையோடு நின்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

இந்த லட்சணத்தில் முதல் பஸ்ஸுக்கு ஒரு புதுக் கண்டக்டர் வந்து சேர்ந்தார். மீன் கூடையைக் கண்டாலே மூக்கைப் பிடித்துக்கொள்வார். "ஏத்தாத, ஏத்தாத, நாத்தம் தாங்கல" என்பார். பஸ்ஸில் இருக்கிறவர்கள் எல்லாம் சைவமா என்று கேட்க வாய் வரும். அடக்கிக்கொண்டு, அண்ணே என்று கெஞ்சி, கூடைக்கு அடியில் சாக்கு விரித்து, எப்படியோ அரியாங்குப்பம் கூட்டுரோட்டில் ஏறிக்கொண்டிருந்தேன். பின்கல்லுக்காரியைத்தான் அதன் பிறகு பஸ்ஸில் காணவே காணோம். ஆனால் நான் மார்க்கெட்டுக்குப் போகும்போது எனக்கு முன்னாலேயே கல்லில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருப்பாள். எவனோ வண்டிக்காரனைப் பிடித்துவிட்டாள் என்று எனக்கு வயிறு எரிந்தது. நமக்கும் ஒரு வண்டி வேண்டும் என்று தோன்றியதே அந்த வயிற்றெரிச்சலில்தான்.

டவுனில் நான் மீன் கொடுக்கும் வீடுகளில் ஒன்று ஒரு சொல்தாவுடைய வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவரை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவர் வீட்டு நடையில் ஒரு சின்ன மோட்டார் சைக்கிள் தூசி மூடி நின்றுகொண்டிருந்தது. சின்னது என்றால் நிஜமாகவே சின்னது. நம்ம ஊர்க் கன்றுக்குட்டி அதைவிட உயரம். "இது கத்துக்கறவங்களுக்குனே செஞ்ச வண்டி. என் பையன் கத்துக்கினு பாரீசுக்குப் போயிட்டான். வண்டி இங்கயே நின்னுடிச்சி" என்றார். சும்மா நிற்கிற வண்டி, நீயே வைத்துக்கொள் என்று தள்ளிக்கொண்டு போகச் சொன்னார். எது கிளட்ச், எது கியர், எது பிரேக் என்று எனக்குத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். தெருமுனை வரை கூட வந்து "போன் ரூத்" என்று கையசைத்தார். நல்லபடியாகப் போய்வா என்று பிரெஞ்சில் அர்த்தமாம், அப்போது அது தெரியாவிட்டாலும் நானும் கையசைத்தேன்.

ஊர் சிரித்தது. பொம்பளை மோட்டார் சைக்கிள் ஓட்டுவாளாம், கலி முற்றிவிட்டதாம். வீட்டுக்காரர் ஓட்டட்டுமே என்றார்கள். அவர் ஓட்டினால்தானே? ஆள் உயர அலையில் படகை ஏற்றி இறக்குகிற மனுஷன், இரண்டு சக்கரத்தின் மேல் உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார். "அது நிக்க மாட்டேங்குது புள்ள, ஒரு பக்கமா சாயுது" என்பார். சாயாமல் இருக்கத்தான் ஓட்டுவது என்று எத்தனை சொல்லியும் ஏறவில்லை. கடைசியில் நானே சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஏறினேன். கடற்கரை மணலில் விழுந்து விழுந்து கற்றுக்கொண்டேன். விழுந்தால் வலிக்காத ஊர் எங்கள் ஊர்.

அப்படியாக எங்கள் வீட்டில் வேலை பிரிந்தது. ஓட்டுவது நான், பராமரிப்பு அவர். அவருக்குத் தெரிந்த வாகனம் உலகத்தில் ஒன்றே ஒன்று. அதனால் வண்டியைப் படகு மாதிரியே பார்த்துக்கொண்டார்.

படகுக்கு அடித்து மிஞ்சிய நீலமும் மஞ்சளும் பெட்ரோல் டேங்குக்கு வந்தன. என் சேலை பின்சக்கரத்தில் மாட்டக்கூடாது என்று, பழைய வலையை மடித்துச் சக்கரத்துக்குப் பக்கவாட்டில் இழுத்துக் கட்டினார். டவுனில் விற்கும் சேலைத் தடுப்பெல்லாம் அதற்குக் கிட்ட வராது. மணலில் ஸ்டாண்டு புதைகிறது என்று உடைந்த துடுப்பிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பலகை அறுத்து அதன் காலில் மாட்டிவிட்டார். பின்சீட்டைக் கழற்றிவிட்டு, தட்டாஞ்சாவடியில் ஒரு வெல்டிங் பட்டறைக்கு நானே வண்டியை ஓட்டிப்போய், கூடை உட்காருகிற அளவுக்கு ஒரு இரும்பு வளையம் வைத்துக்கொண்டு வந்தேன். வெல்டர் வலைத் தடுப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, "இதுல மீன் மாட்டுமா" என்று கேட்டார். மாட்டினால் உனக்குப் பாதி தருகிறேன் என்றேன்.

இதுவரை சரி. அழகு பார்த்தவர் அடுத்து வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார். படகு மோட்டார் ஓடும்போது தண்ணீர் குடிக்கும். இந்த வண்டி குடிப்பதில்லையே என்று அவருக்கு ஒரே கவலை. நான் ஓட்டிவிட்டு வந்து நிறுத்தியதும் குடம் குடமாக எஞ்சின் தலையில் ஊற்றுவார். புஸ் என்று ஆவி கிளம்பும். "பாத்தியா, எவ்ளோ தாகம்" என்பார். பெட்ரோலில் எண்ணெய் கலப்பதும் படகுக் கணக்கில்தான். நான் கிளப்பினால் தெருவே புகையில் மறையும். மாமியார் உள்ளே இருமிக்கொண்டே, "கொசு இல்லாம போச்சிடி, அதுவரைக்கும் சந்தோஷம்" என்பார். நான் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டேன். அந்த நாட்களில் எதைப் பார்த்தாலும் எனக்குச் சிரிப்புதான். எனக்கென்று ஒரு வண்டி, கையை முறுக்கினால் ஓடுகிறது. அந்தச் சந்தோஷத்தில் இன்னும் கூடையோடு மார்க்கெட் வரை ஓட்டிப் பார்க்காததுகூட மறந்துவிட்டது. பஸ்தான் இருக்கிறதே என்று நாளைத் தள்ளினேன்.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை கண்டக்டர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். கூடையைப் படியில் வைத்ததும் காலால் தள்ளினார். நாலு சங்கரா மீன் ரோட்டில் விழுந்தன. நான் பொறுக்கிக்கொண்டிருக்கும்போதே பஸ் போய்விட்டது. நடந்து போய்ச் சேர்ந்தபோது மணி அடித்து ஓய்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது. பின்கல்லுக்காரி என்னை ஒரு பார்வை பார்த்தாள். வழக்கமாகத் திட்டுகிறவள் அன்றைக்குத் தன் மீனை அறுக்கத் திரும்பிக்கொண்டாள். ஒரு நாள் போயிற்று.

செவ்வாய்க்கிழமை வண்டியை எடுத்தேன். இரவெல்லாம் மழை. உதைத்தேன், உதைத்தேன், கால் வீங்கியதுதான் மிச்சம். இரண்டாவது நாளும் போயிற்று.

மாமியார் அன்றைக்குச் சாப்பிடவில்லை. "என் காலம் வரைக்கும் ஒரு நாளும் அந்தக் கல்லு காலியா இருந்ததில்ல" என்று மட்டும் சொன்னார். வீட்டுக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. சாயங்காலம் வண்டியைப் பிரித்துப் போட்டார். பிளக்கைக் கழற்றிக் கரி சுரண்டினார். பார்க்கும் இடமெல்லாம் துரு, உப்புக்காற்று தின்றுவிட்டது என்று தலையில் அடித்துக்கொண்டார். துருவுக்கு எங்கள் ஊரில் இருப்பது ஒரே மருந்து, சுறா எண்ணெய். படகு மரத்துக்குப் பூசுவது. ஒரு சட்டி நிறைய எடுத்துவந்து, துணியில் தோய்த்து, கம்பி, செயின், ஸ்போக்ஸ் ஒன்று விடாமல் பூசினார். நான் நாளைக்குப் போட வேண்டிய சேலையை மடித்து வைத்துவிட்டுப் படுத்தேன்.

விடிகாலையில் வீட்டுக்காரரும் அவர் அண்ணனும் கரையிலிருந்து கூடையோடு வந்தார்கள். வஞ்சிரமும் சங்கராவும், தளும்பத் தளும்ப. வீட்டுக்காரர் வளையத்தில் கூடையை வைத்து, கயிறு சுற்றி, நங்கூரத்துக்குப் போடும் முடிச்சாகப் போட்டு இறுக்கினார். ஒரே உதையில் வண்டி கிளம்பியது. எனக்கு ஆகாயத்தில் மிதப்பது போல இருந்தது. நாற்றத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தெருக்கோடி போவதற்குள் பின்னால் நாலு நாய். அரியாங்குப்பம் போவதற்குள் பத்து.

பாலத்தில் ஏறி இறங்கும்போது, எதிரே ஒரு மாட்டுவண்டி வந்தது. பிரேக்கை மிதித்தேன். கால்தான் உள்ளே போயிற்று, வண்டி நிற்கவில்லை. கைப்பிரேக்கை இழுத்தேன். அதுவும் வழுக்கிக்கொண்டு போயிற்று. மாட்டுக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் எப்படி நுழைந்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வண்டிக்காரர் என்னவோ கத்தினார். அப்போதுதான் எனக்கு முந்தின நாள் சாயங்காலம் வீட்டுக்காரர் பெருமையாகச் சொன்னது ஞாபகம் வந்தது. "சக்கரத்து உள்ள கூட தொறந்து பாத்தேன் புள்ள. ரெண்டு ரெண்டு கட்ட, பிறை மாதிரி, பாவம் காஞ்சி கெடந்திச்சி. நல்லா எண்ண காட்டியிருக்கேன்."

அடப் பாவி மனுஷா. காய்ந்து கிடந்தால்தானே அது பிடிக்கும். ஆனால் அவரைச் சொல்லி என்ன? பிறந்ததிலிருந்து படகில் இருக்கிறவர். படகுக்கு ஏது பிரேக்கு?

எஞ்சினை அணைத்தால் கொஞ்ச தூரம் உருண்டு நின்றுவிடும், எனக்குத் தெரியும். அணைத்தால் மறுபடி கிளம்புமா என்பது தெரியாது. நேற்று கிளம்பவில்லை. இன்றைக்கு மூன்றாவது நாள். ஆனது ஆகட்டும் என்று சேலை முந்தானையை இடுப்பில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டு முறுக்கினேன்.

முருங்கப்பாக்கத்தில் முதல் பஸ் ஆள் ஏற்றிக்கொண்டு நின்றது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டிருந்தார். நீலமும் மஞ்சளுமாக ஒரு வண்டி, பச்சைக் குஞ்சம் பறக்க, பின்னால் புகை, புகைக்குப் பின்னால் நாய்க் கூட்டம். வாயைப் பிளந்தார்.

"நாத்தம் வருதாண்ணே?" என்று கேட்டுக்கொண்டே போனேன்.

"தே, மெதுவா போ, எங்கனா இடிச்சிக்கப் போற" என்றார். முடிந்தால் போகமாட்டேனா? எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பயமும் இருந்தது, பொய் சொல்லவில்லை. இரண்டும் ஒரே வயிற்றில்தான் இருந்தன.

அடுத்து, பஞ்சு மில்லுக்குப் பக்கத்து ரயில்வே கேட். கேட்காரர் கம்பத்தை இறக்க ஆரம்பித்திருந்தார். ரயில் தூரத்தில் ஊதியது. "பிரேக்கு இல்லீங்க, தூக்குங்க" என்று கத்தினேன். அவர் அப்படியே கையை நிறுத்தினார். கம்பம் பாதியில் நின்றது. நான் டேங்கோடு டேங்காகக் குனிந்துவிட்டேன். கூடை குனியுமா? மேலே மூடியிருந்த ஓலைத்தட்டைக் கம்பம் தட்டிக்கொண்டு போயிற்று. அந்தப் பக்கம் போனதும் மூடியில்லாத மீனைப் பார்த்துவிட்டுக் காக்கைகள் வந்து சேர்ந்தன. மேலே காக்கை, பின்னால் நாய், நடுவில் நான். அம்மன் ஊர்வலம்கூட அத்தனை அமர்க்களமாகப் போயிருக்காது.

நல்லவேளை, டவுன் தெருக்கள் எல்லாம் வெள்ளைக்காரன் நூல் பிடித்துப் போட்டவை. வளைவு இல்லை. கட்டைவிரல் வலிக்க ஹாரன் அடித்துக்கொண்டே நேராக விட்டேன். மார்க்கெட் வாசல் தெரிந்தபோது மாதா கோவில் மணி முதல் அடி அடித்தது.

முறுக்கியிருந்த கையை விட்டேன். கியரைக் குறைத்தேன். இரண்டு காலையும் தரையில் தேய்த்தேன், ஒரு செருப்பு போயிற்று. வண்டி மீன் மார்க்கெட் வாசலுக்குள் நுழைந்து, ஈரத்தில் வழுக்கி, ஐஸ் மூட்டை அடுக்கியிருந்த இடத்தில் முட்டி, ஐஸ் மூடக் கொட்டியிருந்த உமிமேட்டில் சாய்ந்து நின்றது. என் கல்லுக்கு மூன்று முழத் தூரம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

எழுந்து கூடையை எடுக்கப் போனேன். நங்கூர முடிச்சு. கயிறு முழுக்கச் சுறா எண்ணெய். விரல் வழுக்கியது. பல்லால் கடித்தேன், பல்லும் வழுக்கியது. முதல் வரிசைப் பெண்கள் எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள். ஒருத்தியும் கிட்ட வரவில்லை. வரக்கூடாது என்றில்லை. மூன்றாவது நாள், கல் யாருக்குப் போகவேண்டுமோ அவள் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். அவள் எதிரில் யார் கை வைப்பார்கள்? நான் சிரித்துக்கொண்டு வந்தவள், அங்கே அழ ஆரம்பித்துவிட்டேன்.

பின்கல்லுக்காரி கையில் கத்தியோடு எழுந்து வந்தாள். என்னை இடித்துத் தள்ளினாள். கயிற்றில் இரண்டு இழுப்பு. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டுபோய் என் கல்லில் தொப்பென்று வைத்தாள். அதற்கு அப்புறம் மணி இன்னும் இரண்டு தடவை அடித்து ஓய்ந்தது.

நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஏன்டி?" என்று கேட்டேன்.

"எனக்கு உன் கல்லு வேணும்டி. இல்லன்னு சொல்லல" என்றாள். "ஆனா அந்தக் கண்டக்டரு தூக்கிக் குடுத்து எனக்கு ஒரு கல்லு வேணாம்."

அப்போதுதான் அவள் காலைப் பார்த்தேன். முழங்கால் வரை செம்மண். குதிகாலில் துணி சுற்றியிருந்தது. ஒரு மாதத்துக்கு மேலாக அவளைக் கண்டக்டர் ஏற்றவே இல்லை. என்னைப்போல் அண்ணே என்று கெஞ்ச அவளுக்கு வாய் வரவில்லை, வந்த வாயில் வேறு என்னவோ சொல்லியிருக்கிறாள். நோணாங்குப்பத்துக்கு அந்தப் பக்கமிருந்து தினமும் முதல் பஸ்ஸுக்கு முன்னாலேயே இருட்டில் கிளம்பி, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வந்திருக்கிறாள். நான் வயிறு எரிந்த அந்த வண்டிக்காரன் இந்தக் கால்தான்.

"ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீ சிரிப்ப."

சிரித்திருப்பேன். அந்த ஒரு மாதம் நான் எதற்குத்தான் சிரிக்கவில்லை. வெட்கமாக இருந்தது. ஒரு சங்கராவை எடுத்து அவள் கல்லில் வைத்தேன். "இன்னா, எனக்கு பிச்ச போடறியா" என்று தூக்கி என் பக்கமே எறிந்தாள். வழக்கமான சண்டை தொடங்கியதும்தான் எனக்கு உயிர் வந்தது.

மத்தியானம் வண்டியைத் தள்ளிக்கொண்டே தட்டாஞ்சாவடி போனேன். அவளும் கூட வந்தாள், வழியெல்லாம் நாற்றம் நாற்றம் என்று சொல்லிக்கொண்டே. வெல்டர் தனக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டார். அவர் சக்கரத்தைத் திறந்து பார்த்துவிட்டுப் பத்து நிமிஷம் சிரித்தார். பிறகு பிரேக் கட்டைகளைப் பெட்ரோலில் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொடுத்தார். வெல்டரிடம், பின்சீட்டைத் திரும்ப மாட்டி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வளையம் வைக்கச் சொன்னேன். எதற்கு இரண்டு என்று அவர் கேட்கவில்லை. அவளைப் பார்த்தார், புரிந்துகொண்டார்.

வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "படகுல அதுலாம் இல்லியே புள்ள" என்றார். மறுநாள் கூடைக்கு முடிச்சுப் போடும்போது, ஒரு இழுப்பில் அவிழ்கிற முடிச்சாகப் போட்டார்.

கூட்டுரோட்டிலிருந்து நோணாங்குப்பம் பக்கம் திருப்பிப் போய் அவளை ஏற்றிக்கொண்டேன். இரண்டு கூடை, இரண்டு பேர், அந்தக் கன்றுக்குட்டி வண்டி. பாலத்து இறக்கத்தில் என் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "பிரேக்கு போடுடி, போடுடி" என்று கத்தினாள். போட்டேன். வண்டி நின்றது. "எதுக்குடி நிறுத்தின, மணி அடிச்சிடப் போவுது" என்று அதற்கும் திட்டினாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி இன்னும் அடிக்கவில்லை. இரண்டு கல்லிலும் கூடை ஏறிய பிறகுதான் அடித்தது.